வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்: உங்கள் ஊர்க் கிளை நூலகத்தை ஊருக்குப் பயன்பட வைக்க ஒரு முழு வழிகாட்டி

வீட்டு வரி ரசீதை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. தொகையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, மடித்து பீரோவுக்குள் போட்டுவிடுவோம். அடுத்த முறை கட்டும்போது கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சொத்து வரியோடு ‘நூலக வரி’ என்ற ஒன்றும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு என்பது அதன் கணக்கு. நூலகத்தின் வாசற்படியை மிதிக்காதவரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது செய்த ஏற்பாடு இது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் கொண்டுவந்தார். அதற்காகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் நடையாய் நடந்தும் களைக்காதவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு நிலையான வருமானம் வேண்டும், ஆண்டுதோறும் யார் தயவையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதனால்தான் வரி.

ஆக, ஊர் நூலகத்தில் நீங்கள் ஏற்கெனவே ஒரு பங்குதாரர். பங்கைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் சிற்றூரின் கிளை நூலகத்தில் வாசகனாகவும், பிறகு வாசகர் வட்டத்தில் ஒருவனாகவும் இருந்து கற்றுக்கொண்டவை. சிலவற்றைச் சறுக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் படி: அது யாருடைய நூலகம்?

இதில் தவறினால் எழுதும் மனுக்கள் எல்லாம் வீண். எனக்கே நடந்தது. பக்கத்துக் கிராமத்தில் பூட்டிக்கிடந்த நூலகத்தைத் திறக்கக் கோரி ஒரு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். அந்தக் கட்டடம் தங்களுடையதே இல்லை என்று நான்காவது மாதம் பதில் வந்தது.

விஷயம் இதுதான். பொது நூலகத் துறையின் கீழ் தமிழ்நாட்டில் 4,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. 1896இல் திறந்த கன்னிமாரா, 2010இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை செய்தியில் அடிபடும். மற்றவை மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம், நகரங்களிலும் பேரூர்களிலும் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் திறக்கும் பகுதிநேர நூலகம். இவற்றை மாவட்ட அளவில் நிர்வகிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. நீங்கள் தேடிப்போக வேண்டிய அதிகாரி மாவட்ட நூலக அலுவலர். பெரும்பாலும் மாவட்ட மைய நூலகக் கட்டடத்திலேயே அவருடைய அலுவலகமும் இருக்கும்.

இன்னொரு வகை உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊருக்கொரு நூலகம் கட்டினார்கள். இவை ஊராட்சியின் பொறுப்பு, ஊரக வளர்ச்சித் துறை சம்பந்தப்பட்டவை. நூலகத் துறைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஊரோரத்தில் ஒரே அளவு, ஒரே சாயலில் ஒரு சின்னக் கட்டடம் பூட்டுத் தொங்கியபடி நின்றால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

பெயர்ப்பலகையைப் படியுங்கள். பலகை துருப்பிடித்துப் போயிருந்தால் எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள். “இங்க நூலகர் வருவாரா, இல்ல பஞ்சாயத்து ஆள்தான் திறப்பாரா?” என்ற ஒரு கேள்வி போதும்.

இரண்டாம் படி: மூன்று வேளை போய் உட்காருங்கள்

எதையும் மாற்றக் கிளம்புவதற்கு முன்னால் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வார நாள் காலையில், ஒரு மாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஞாயிறன்று வரட்டும் என்று வைத்த ஏற்பாடு. கிளை நூலகங்கள் நடுப்பகலில் சில மணி நேரம் மூடியிருப்பது வழக்கம். அது தெரியாமல் இரண்டு மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு “எப்பப் பாத்தாலும் மூடித்தான் கிடக்கு” என்று ஊர் முழுக்கச் சொல்பவர்கள் பலர்.

காலையில் நாளிதழ் மேசை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை திறக்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறவர்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். ஒரே தாளை நான்கு பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். முதல் பக்கம் ஒருவரிடம், விளையாட்டு இன்னொருவரிடம். மாலையில் வேறு கூட்டம். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று தயாராகும் இளைஞர்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு காலையில் சில பிள்ளைகள்.

சரி, யார் வருகிறார்கள் என்று பார்த்தாயிற்று. யார் வரவில்லை? இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் முதல் நாள் நான் எண்ணியபோது காலை வேளையில் ஒரு பெண் கூட இல்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் ஏற வழியில்லாமல் நான்கு படிகள். பக்கத்திலேயே இருந்த குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை, உள்ளே போனால் காசு கேட்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்க ஒரு பைசாவும் வேண்டாம் என்பதை வாசலில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு அட்டையில் எழுதி மாட்டினோம். அதற்கு ஆன செலவு ஒரு மார்க்கர் பேனா.

மூன்றாம் படி: உறுப்பினர் அட்டை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முகவரிச் சான்றுக்கு ஆதார் நகல், புகைப்படம், காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா. காப்புத்தொகை உறுப்பினராக விலகும்போது திரும்பக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தே ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவைத் தொடாது. எத்தனை நூல் எடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். உங்கள் நூலகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த நூலை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திருப்ப வேண்டும், தாமதமானால் சிறு அபராதம்.

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அட்டை எடுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை, நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் விழும் கையெழுத்து, இரவல் போன நூல்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான் உங்கள் நூலகத்தின் மதிப்பெண் பட்டியல். கூடுதல் நாளிதழ், கூடுதல் நூல், கட்டடம், தரம் உயர்வு என்று எதைக் கேட்டாலும் மேலே இருப்பவர்கள் இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள். உள்ளே போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வருகிறவர், தெரியாமலே தன் நூலகத்துக்கு வேட்டு வைக்கிறார்.

நான்காம் படி: நூலகரோடு பேசுங்கள்

ஊர்ப்புற நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள். கதவு திறப்பது, நாளிதழ்களை மேசையில் பிரித்து வைப்பது, பதிவேடு எழுதுவது, மாத அறிக்கை அனுப்புவது, கூட்டத்துக்கு மாவட்ட அலுவலகம் போவது எல்லாம் அவரே. அவர் விடுப்பு எடுத்தால் கதவும் விடுப்பு.

அலமாரிகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார் என்று அவரைத் திட்டாதீர்கள். நூல் இருப்புச் சரிபார்ப்பு வரும்போது காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே, சில நூலகர்கள் நூல்களை வாசகரிடமிருந்து காப்பாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று 1931இலேயே ரங்கநாதன் தன் புத்தகத்தில், நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதாக எழுதி வைத்தார். ஆனால் தணிக்கைக்காரர் கையில் இருப்பது அவர் புத்தகம் அல்லவே, இருப்புப் பதிவேடு!

முதல் சந்திப்பிலேயே கோரிக்கைப் பட்டியலோடு போகாதீர்கள். “சார், உங்களுக்கு என்ன உதவி வேணும்?” என்று கேளுங்கள், பெண் நூலகராக இருந்தால் “மேடம்”. எங்கள் ஊரில் கிடைத்த பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “வந்த புது நூலைக் கட்டுப் பிரிச்சு, முத்திரை குத்தி, நம்பர் போட்டு அடுக்கணும். ஆள் இல்ல.” நான்கு பேர் இரண்டு ஞாயிறு உட்கார்ந்தோம். கட்டோடு கிடந்த நூல்கள் அலமாரிக்கு ஏறின. அதற்குப் பிறகு அலமாரிச் சாவி எங்களுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை.

ஐந்தாம் படி: வாசகர் வட்டம்

ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு வாசகர் வட்டம் இருக்க வேண்டும் என்பது துறையின் ஏற்பாடு. பல இடங்களில் அது லெட்டர்பேடில் மட்டும் இருக்கிறது. தலைவர் ஒருவர், பத்து ஆண்டாக அவரே. ஆண்டுக்கொரு முறை நூலக வார விழாவில் பொன்னாடை போர்த்திக்கொள்வார். தலைவரை மாற்றும் அரசியலில் முதலிலேயே இறங்க வேண்டாம். அவர் தலைவராகவே இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படி நடத்துவது? எங்களுக்குப் பலித்த விதம் இது. அதே நூலகத்தில் இருக்கும் ஒரு நூலை ஒருவர் படித்துவிட்டு வந்து இருபது நிமிடம் பேசுவார். வெளியிலிருந்து வாங்கிய நூலைப் பற்றிப் பேச அனுமதி இல்லை. காரணம் எளிது. பேச்சு முடிந்ததும் கேட்டவர்களில் இரண்டு பேராவது “அந்த புக்கு எந்த ரேக்ல இருக்கு?” என்று எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது ரங்கநாதனின் மூன்றாம் விதி. எட்டு ஆண்டுகளாக யாரும் எடுக்காத நூலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அரை மணி நேரம் ஊர் விஷயம். ஊரில் ஏதாவது தெரிந்தவரை அழைத்து உட்கார வைத்துக் கேட்பது. எங்கள் கூட்டங்களில் அதிகம் பேர் வந்தது ஒரு எழுத்தாளர் வந்தபோது அல்ல, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் விளக்கியபோது. இலக்கியக்காரர்கள் இரண்டு பேருக்கு அதில் வருத்தம். இருக்கட்டும். பட்டாவுக்காக வந்தவர்களில் ஒரு அக்கா அன்றே உறுப்பினரானார். அவர் எடுத்துப் போன முதல் நூல் சமையல் குறிப்பு, ஆறு மாதத்தில் நாவல்களுக்கு வந்துவிட்டார்.

சில எச்சரிக்கைகள். மைக் வேண்டாம். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, நன்றியுரை என்று அழைப்பிதழ் அடித்தால் பேச வந்தவருக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். கட்சிக்காரர்கள் வரலாம், கட்சிக் கூட்டமாகக் கூடாது. டீ, சுண்டல் இருந்தால் நல்லது.

பெரிதாகச் செய்ய ஆசை என்றால் அதற்கான நாட்கள் மூன்று இருக்கின்றன: ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ரங்கநாதன் பிறந்த ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். நவம்பர் வாரத்தில்தான் உறுப்பினர் சேர்க்கை முகாம் போடுவது எளிது. பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு வகுப்புப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம்

இன்று பல கிளை நூலகங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். இதைச் சிலர் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: “நூலகத்து புத்தகத்தை எங்க படிக்கிறாங்க? சொந்த கைடைக் கொண்டாந்து படிக்கிறாங்க.” படிக்கட்டுமே! ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் தம்பி தங்கையின் சண்டைக்கும் நடுவில் படிக்க முடியாத பெண்ணுக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் அமைதியும் கொடுப்பதும் நூலகப் பணிதான். சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு என்ன வேண்டும்? நான் கேட்டவரை பதில்கள் சாதாரணமானவை. முதலாவது கழிப்பறை. இதை எழுதக் கூச்சப்படுகிறோம், ஆனால் கழிப்பறை இல்லாத நூலகத்தில் ஒரு பெண் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. எங்கள் காலை மேசையில் பெண்கள் இல்லாததற்கு இதுவும் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. அப்புறம் குடிநீர், கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு ப்ளக், மாலையில் இன்னும் ஒரு மணி நேரம்.

கடைசியாகச் சொன்னதுதான் கடினம். வேலை நேரத்தை நூலகர் தன் விருப்பத்துக்கு நீட்ட முடியாது. மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத வேண்டும். எழுதும்போது “இளைஞர்களின் நலன் கருதி” என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு மாதம் வருகையை எண்ணி, மூடும் நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று நாள்வாரியாகத் தாளில் குறித்து, அதை இணைத்து அனுப்புங்கள். உடனே நேரம் கூடாவிட்டாலும் பதில் வரும்.

இன்னொன்று. தேர்வில் வென்றவர்களைத் திரும்ப அழையுங்கள். எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்து வேலைக்குப் போன ஒரு தம்பி, முதல் சம்பளத்தில் இரண்டு மேசை வாங்கிப் போட்டான். அதைவிட, ஞாயிறுகளில் வந்து கணக்குப் பகுதியை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் பெரிய உதவி. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாதவர்கள் அந்த வகுப்பைத் தவறவிட்டதே இல்லை.

ஏழாம் படி: வர முடியாதவர்களிடம் போவது

1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். வாரத்துக்கு ஒரு முறை வண்டி வரும், பழைய நூலைக் கொடுத்துவிட்டுப் புது நூலை வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் வண்டி வாங்க வசதியில்லாத காலத்தில் அவர்கள் கண்ட வழி அது. ரங்கநாதனின் ஊக்கமும் அதன் பின்னால் உண்டு. நமக்கு மாடும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். தெருவுக்கு ஒரு சைக்கிள் போதும்.

தமிழ்நாட்டில் ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டம் இப்போது இருக்கிறது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துக்கொண்டுபோய் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் போன்றோரின் வீட்டில் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவார்கள். உங்கள் நூலகரிடம் பெயர் கொடுத்துச் சேரலாம்.

இதில் நான் கற்ற பாடம் ஒன்று: நூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கேளுங்கள். வயதானவர் என்றால் பக்தி நூல் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு போகிறோம். படுக்கையில் இருந்த ஒரு தாத்தாவுக்கு முதல் மாதம் புராணமாகக் கொண்டுபோனேன். மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை மெல்லக் கேட்டார்: “தம்பி, துப்பறியும் கதை ஏதும் இருக்கா?” கண் மங்கியவர்களுக்கு எழுத்துப் பெரிதாக அச்சிட்ட நூல்களைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகளுக்கான பிரிவில்கூடக் கிடைக்கும். படிக்கவே முடியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று வாசித்துக் காட்டினால் இருவருக்கும் நல்லது.

பார்வையற்ற வாசகர் இருந்தால் மாவட்ட மைய நூலகத்தில் பிரெய்ல் நூல்கள் உண்டா என்று விசாரியுங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பிள்ளைகள் பகுதியைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே “அமைதி காக்கவும்” பலகையைக் கழற்றிவிடுங்கள். தரையில் ஒரு பாய், கைக்கு எட்டும் உயரத்தில் நூல்கள், வாரம் ஒரு கதை சொல்ல ஒரு பாட்டி. கிழிந்துவிடுமே என்றால், கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: நூல் கொடுப்பதும் கேட்பதும்

முன்பே சொன்னேனே, சறுக்கல் என்று. வீடு வெள்ளையடித்தபோது சேர்ந்த இரண்டு சாக்குப் பழைய பாடநூல், பழைய டைரி, அட்டை போன வார இதழ்களைப் பெருமையோடு நூலகத்தில் இறக்கினேன். நூலகர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. நான் கொடுத்ததில் அலமாரிக்கு ஏறியது ஏழு நூல். மீதி ஒரு மூலையில் கரையானுக்கு விருந்து. அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடவும் அவரால் முடியவில்லை, கொடுத்தவன் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறானே!

கொடுக்கும் முன் ஒரு பட்டியல் எழுதி நூலகரிடம் காட்டுங்கள். அவர் வேண்டும் என்று குறித்ததை மட்டும் கொண்டுபோங்கள். நீங்களே திரும்ப எடுத்துப் படிப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் இன்னொருவரும் படிக்க மாட்டார். கொடுத்த நூல் பதிவேட்டில் ஏறி எண் பெற்றதா என்று பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய நூலைக் கேட்பதற்கும் வழி உண்டு. பரிந்துரைப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசையில் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கேட்டவர் பெயர். நூல் கொள்முதல் பெரும்பாலும் மாநில அளவில் நடப்பதால் நீங்கள் கேட்டது அடுத்த மாதமே வந்துவிடாது. ஆனால் அந்த நோட்டு, நன்கொடையாளர் யாராவது “என்ன வாங்கித் தரட்டும்?” என்று கேட்கும் நாளில் கைகொடுக்கும். எங்கள் ஊரில் திருமணம், அறுபதாம் கல்யாணம் நடத்துகிறவர்கள் சிலர் இப்போது அந்த நோட்டிலிருந்து பத்து நூலைத் தேர்ந்தெடுத்து வாங்கித் தருகிறார்கள்.

பழைய, கிடைக்காத நூல் தேவைப்பட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டிக்கொடுங்கள். நூலகத்தில் கணினி இருந்தால் அதில், இல்லையென்றால் கைப்பேசியில். நூற்றாண்டு பழைய அச்சுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இதோடு ஒரு ‘ஊர் அலமாரி’யும் தொடங்குங்கள். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், ஊர்க்காரர் எழுதிய கவிதைத் தொகுப்பு, பழைய நாடக நோட்டீஸ், வரைபடம். பெரிய நூலகங்கள் எதுவும் இவற்றைத் தேடி வாங்காது. ஆனால் உங்கள் ஊரைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

ஒன்பதாம் படி: பணம்

எளியதிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகத்தின் புரவலர் ஆகலாம், பெயர்ப் பலகையிலும் ஏறும். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு நண்பர்கள் மறுபடி கூடியபோது சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் குறைத்துப் பதினோரு பேர் புரவலரானார்கள். பெயர் பலகையில் இருப்பதால் அவ்வப்போது வந்து பார்க்கிறார்கள், அதுவே பாதி வெற்றி.

கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. கேட்கப் போகும்போது இடம் யார் பெயரில் இருக்கிறது என்ற ஆவணம் கையில் இருக்க வேண்டும். பல கோரிக்கைகள் நிற்கும் இடம் இதுதான், பணம் இல்லாமல் அல்ல.

இப்போது பெரிய விஷயம், நூலக வரி. அதை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். உள்ளாட்சி அந்தப் பணத்தைத் தாமதித்தால் நூலகத்துக்கு வாடகை முதல் நாளிதழ் பில் வரை இழுபடும். உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்பதை அறிய 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்று கேள்வி போதும்:

1. கடந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் உள்ளாட்சியில் வசூலான நூலக வரி ஆண்டுவாரியாக எவ்வளவு?
2. அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதிகளில்?
3. செலுத்த வேண்டிய நிலுவை எவ்வளவு?

“ஏன் செலுத்தவில்லை?” என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வி தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்கள் வரட்டும், ஏன் என்பதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம். கையில் எண்கள் இருக்கும்போது குரலை உயர்த்த வேண்டியதே இல்லை.

கிராமம் என்றால் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பூட்டிக்கிடக்கும் ஊராட்சி நூலகத்துக்கு இதுவே சரியான இடம். தனியாகப் போகாமல் பத்துப் பதினைந்து பேராகப் போங்கள், பாதிப் பேர் பெண்களாக இருந்தால் நல்லது. நூலகத்தைத் திறக்க வேண்டும் என்று வாயால் சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். யார் திறப்பது, எத்தனை மணிக்கு, மாதம் என்ன செலவு, எந்தக் கணக்குத் தலைப்பில் என்பதையும் சேர்த்து. நான் மூன்று கடிதம் போட்டு வீணான அந்தப் பக்கத்துக் கிராமத்து நூலகம் ஓர் ஆகஸ்ட் 15 தீர்மானத்துக்குப் பிறகுதான் திறந்தது. உள்ளே ஊராட்சியின் பழைய தெருவிளக்குகளும் வாக்குச்சாவடித் தடுப்புகளும் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், கட்டுக்கூடப் பிரிக்காத நூல்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்டால், வரி ரசீதையும் ஒரு புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை நூலகத்துக்குப் போங்கள். நாளை வெள்ளிக்கிழமை என்றால் சனிக்கிழமை போகலாம். அது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றும் விடுமுறை.